மஞ்சள் ஒட்டாத அம்பு

ஐந்தாம் வகுப்பில் பெயிலான ஒருவன் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஓசூர் சிப்காட்டின் கடைசித் தெருவில், வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட மனையில் ஒரு லேத் பட்டறை. அதே பாறைக்குள் இன்றுவரை வற்றாத ஒரு போர்வெல். மத்தூரில் ஒழுகும் தகரக் கொட்டகையில் பிறந்தவனுக்கு மாடி வைத்த வீடு. வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர். சுவரைச் சுற்றிப் பொறாமைக்காரர்கள். எல்லாவற்றையும் ஒரே கையால் கட்டினேன். மறு கை அதிகாரிகளுக்குச் சலாம் போட்டுக்கொண்டிருந்தது.

இந்தப் பட்டியலில் இதுவரை யாரும் சேர்க்காத ஒன்று பாக்கி இருக்கிறது. ஓர் அம்பு.

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய போர்வெல் கதையைப் படித்துவிட்டுச் சம்பந்தி போன் செய்தார். "எல்லாம் நீங்களே பண்ணதாட்டம் எழுதறீங்களே, தண்ணியாவது பூமியோடதுன்னு ஒரு வரி போடக்கூடாதா?" என்றார். போட்டுவிடலாம். அதில் பூமிக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த வாரம் சொல்லப்போவதில் பூமிக்குப் பங்கு கிடையாது.

பூசாரி நடந்துபோன சாயங்காலம்

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து தனி மாவட்டமாகியிருந்த புதிது. உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே போனால் என் மாமனார் ஊர். அங்கே விஜயதசமி அன்று சாயங்காலம் அம்மன் குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படுவாள். அறுவடை முடிந்த ராகிக் காட்டில் ஒரு வாழைமரத்தை நட்டு வைத்திருப்பார்கள். அம்மன் சார்பில் ஒருவர் அந்த மரத்தின் மேல் அம்பு எய்ய வேண்டும். அதுதான் வேட்டை.

வில், நிஜமான வேட்டை வில். முன்னோர்கள் மலைக்காட்டில் பன்றி அடித்த மூங்கில் வில். ஆள் உயரம் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அதை எடுத்துக் குளிப்பாட்டி, கைப்பிடியில் மஞ்சளைக் குழைத்து அப்பிக் கொடுப்பார்கள். மூன்று அம்பு எய்யலாம். ஒன்றாவது வாழைமரத்தில் தைக்க வேண்டும். எய்கிற உரிமை என் மனைவி கமலாவின் குடும்பத்துக்கு. மாமனார் இருந்தவரை அவர் எய்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் மாரப்பன், என் மைத்துனன், ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவன்.

அந்தச் சாயங்காலம் மாரப்பனின் மூன்று அம்பும் வாழைமரத்துக்கு இடது பக்கமாகப் போயின. கடைசி அம்பு மைக்செட்காரர் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்குள் போய் நின்றது. பாட்டு ஒரு நொடி விக்கியது.

சடங்கு முடியாமல் அம்மன் கோயிலுக்குத் திரும்ப முடியாது. பூசாரி கீழே கிடந்த ஓர் அம்பை எடுத்தார். நிதானமாக நடந்துபோனார். வாழைமரத்தில் கையால் குத்தினார். திரும்பி வந்தார். தாரை தப்பட்டை முழங்கியது. அதற்கு முந்தின வருடமும் இப்படித்தான் முடிந்தது. அதனால் பூசாரிக்கு வழி நன்றாகப் பழகியிருந்தது.

மாரப்பனின் பங்காளி திம்மராயன் கூட்டத்தில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அடுத்த வருசம் பூசாரியே எய்யட்டும்பா. அவருக்குத்தான் நடக்க முடியுதில்ல."

ஊரே சிரித்தது. மாரப்பன் வில்லைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கையிலும் கன்னத்திலும் மஞ்சள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான், பெண் ஓடிப்போன கல்யாணத்து மாப்பிள்ளை மாதிரி.

எங்கள் பக்கத்தில் ஊர்க்கூட்டம் மூன்று மொழியில் நடக்கும். திட்டுவது தெலுங்கில், சமாதானம் கன்னடத்தில், முடிவு தமிழில். அன்றைக்கு முடிவு இப்படி வந்தது: "இன்னும் ஒரு வருசம் பாக்கலாம். அதுக்கும் தைக்கலன்னா வில்லு திம்மராயன் வூட்டுக்குப் போவும்."

பஸ் சூளகிரி ரோட்டில் திரும்பியதும் கமலா வாய் திறந்தாள். "எங்கப்பன் தொட்ட வில்லு அது. அது அவங்க வூட்டு வாசப்படி ஏறுச்சின்னா, நான் இனிமே எங்க ஊர்ப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டன்."

முதலில் இது எனக்கு நல்ல சேதியாகத்தான் பட்டது. பிறகு யோசித்தேன். அங்கே போகாத நாளெல்லாம் இங்கே இருப்பாள், அந்தக் கோபத்தோடு. மறுநாளே அம்பு விஷயத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

நேராகச் செய்வதில் எனக்கு நிகர் கிடையாது

மாரப்பன் எய்த அம்புகளை வாங்கிப் பார்த்தேன். விழாக் கமிட்டிக்காரர்கள் தச்சரிடம் சொல்லிச் செய்தவை. தேக்கு. விளக்குமாற்றுக் கட்டை கனம். வார்னிஷ் வேறு. இதைத் தூக்கி அடித்தால் பன்றி சாகும், எய்தால் சாகாது.

"உங்கப்பா எதுல மாப்ள செஞ்சாரு?" என்று மாரப்பனைக் கேட்டேன்.

"கல்மூங்கில் மாமா, உள்ள ஓட்ட இல்லாத கெட்டி மூங்கில். வருசா வருசம் புதுசா வெட்டிக்கினு வருவாரு. எய்த அம்பை மறுக்கா எய்யக்கூடாதில்ல. ஒவ்வொரு குச்சியா தொடையில வெச்சு வளச்சு வளச்சுப் பாப்பாரு. சிலத வெச்சிக்குவாரு. மிச்சத்த அவரக்கொடிக்கு நட்டுருவாரு."

"என்னாத்துக்கு வளைப்பாரு?"

"யாரு கண்டா. நான் கேட்டதில்ல."

சிலர் விரலைச் சொடுக்குவார்கள், சிலர் காலை ஆட்டுவார்கள், என் மாமனார் குச்சியை வளைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களின் சேட்டைகளை ஆராய எனக்கு நேரம் இல்லை. எனக்கு ஆர்டர் இருந்தது.

என் தொழிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நான் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிறவன். ஷாஃப்ட் என்பது நேராக இருக்க வேண்டிய இரும்புத் தண்டு. தலைமுடியில் பாதி வளைந்திருந்தாலும் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அந்த வளைவைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் என்று ஒரு கருவி. பார்க்கக் கடிகாரம் மாதிரி வட்டமாக, முள்ளோடு இருக்கும்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் முதன்முதலாகச் சேர்ந்தபோது, சோதனை அறையைப் பெருக்குவதுதான் எனக்கு வேலை. மேஜைக்கு மேஜை கடிகாரம் வைத்திருக்கிறார்களே, எவ்வளவு பணக்காரர்கள் என்று வியந்தேன். ஒன்றுகூட மணி காட்டவில்லை. ரிப்பேர் செய்ய வக்கில்லாதவர்கள் என்று அவர்களை நினைத்து வருத்தப்பட்டேன். பிறகு அதே கருவியை வைத்துத்தான் நான் பிழைத்தேன். வளைந்ததை ஒதுக்கு, நேரானதை அனுப்பு. என் வாழ்க்கையைக் கேட்டால் இந்த ஒரு வரிதான்.

ஆகவே அம்பையும் அப்படியே செய்தேன். நல்ல அலுமினியக் குழாய் வாங்கினேன். வி-பிளாக் என்கிற இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் வைத்துச் சுழற்றினேன். டயல் கேஜில் முள் அசையவில்லை. பின்பக்கம் கோழி இறகு ஒட்டினேன். மகாபாரதத்தில்கூட இவ்வளவு நேரான அம்பு இருந்திருக்காது. அவர்களிடம் டயல் கேஜ் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வாழைத்தண்டு ஒன்றை நட்டோம். பூசாரியிடம் கெஞ்சி வில்லை வாங்கி வந்திருந்தான் மாரப்பன். ஒத்திகைதானே என்றால் கேட்கவில்லை. கைப்பிடியில் மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, பெட்ரோல் டின்களுக்கு நடுவில் விழுந்து கும்பிட்டான். பிறகு எய்தான்.

இடது பக்கம்.

இன்னொன்று. இடது பக்கம். இன்னும் ஒன்று. இடது. நேராக இருந்தது அம்பு மட்டும்தான், அது போன வழி இல்லை.

ஆபரேட்டர் மிஸ்டேக்

தொழிற்பேட்டையில் ஒரு சட்டம் உண்டு. பொருள் சரியில்லை என்றால் முதலில் ஆள் மேல் பழி. மெஷின் வாயில்லாப் பிராணி, விலையும் ஜாஸ்தி. அந்தச் சட்டப்படி நான் மாரப்பனைப் பார்த்தேன்.

"மாப்ள, உனக்குக் கண்ணு தெரியல."

"நல்லா தெரியுது மாமா."

"தெரியலங்கறது தெரியாதவனுக்குத் தெரியாது. கெளம்பு."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் சின்ன எழுத்தைக் காட்டினார், பெரிய எழுத்தைக் காட்டினார், "லேசா பவர் இருக்குது" என்றார். அந்தக் கடைக்குள் போய்ப் பவர் இல்லாமல் வெளியே வந்த மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு மாரப்பன் கண்ணாடியோடு வந்தான். எய்தான். இடது பக்கம்.

"இப்ப எவ்ளோ தள்ளிப் போவுதுன்னு நல்லா தெரியுது மாமா" என்றான்.

வில்லைப் பிடுங்கி நானே எய்தேன். வலது கையால் நாணை இழுத்தேன், இடது கை விரல் மேல் அம்பை வைத்தேன், வாழைத்தண்டை முறைத்துப் பார்த்தேன். இடது பக்கம்.

ஆள் மாறியும் பிழை மாறவில்லை. அப்படியென்றால் பிழை ஆளிடம் இல்லை. இந்த முடிவுக்கு இன்ஜினியர்கள் மீட்டிங் போட்டு வருவார்கள். நான் நின்ற இடத்தில் வந்தேன். ஆனால் வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாரப்பன் வாழைத்தண்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"வுட்ருலாம் மாமா. திம்மராயனே எய்யட்டும். டீக்கடைக்குப் போனா, 'மாரப்பா, சோத்த வாய்ல வெக்கறியா, இல்ல அதுவும் காதுக்குப் போயிடுதா'ன்னு கேக்கறானுங்க. எம்பொண்ணு இஸ்கூல்லயும் கேக்குதுங்க. எங்கப்பன் பேரு என்னோட போவட்டும்."

அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் போய்த் தவறிய அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

சீரியல் ஓடிய குச்சி

அடுத்த முறை மாரப்பனோடு அவன் மனைவி ராஜம்மா வந்தாள். முறையில் எனக்குத் தங்கை. கையில் ஒரு குச்சி. கறுத்து, கோணலாக, நுனியில் காக்கை எச்சத்தோடு.

"இது எங்க மாமனாரு செஞ்ச கடைசி அம்பு அண்ணா. அந்த வருசம் எய்யாம மிஞ்சுனது. கேபிள் ஒயரு ஓட்டு மேல படாம இருக்கறதுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்தன்."

வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ராயக்கோட்டை ரோடு இதைவிட நேராகப் போகும். அதைச் சொல்லிச் சிரித்தேன்.

ராஜம்மா சிரிக்கவில்லை. "நீங்க செஞ்சது பளபளன்னு நல்லாத்தான் கீது. வூட்ல மாட்டி வெக்கலாம். இத ஒருவாட்டி எய்யச் சொல்லுங்க."

எய்தான். 'சதக்' என்று ஒரு சத்தம். வாழைத்தண்டின் நட்ட நடுவில் அந்தக் கோணல் குச்சி நின்று ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து" என்றேன்.

பிடுங்கி மறுபடி எய்தான். அதே இடத்துக்குப் பக்கத்தில் தைத்தது.

"காத்து உங்க அம்புக்கு ஒரு பக்கமும் இதுக்கு ஒரு பக்கமுமா அடிக்குது அண்ணா?" என்று ராஜம்மா கேட்டாள்.

பிரச்சினை தீர்ந்தது, இதையே எய்துவிடலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். பூசாரி தலையை ஆட்டிவிட்டார். "ஒத்திகையில எய்தாலும் எய்தது எய்ததுதான். புதுசுதான் வெக்கணும். அதுவுமில்லாம, கேபிள் ஒயரு தாங்குன குச்சி. எத்தன மாமியா மருமவ சண்ட அது மேல ஓடியிருக்கும். அத அம்மனுக்கு வெக்கறதா?"

சீரியலுக்குத் தீட்டு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இடுப்பை ஒடித்த கண்டக்டர்

இப்போது நான் சொல்லப்போவதை வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். என் பங்கு இங்கேதான் இருக்கிறது.

எய்த அம்புகளையெல்லாம் வரிசையாக மேஜை மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் அலுமினிய அம்புகளின் வால் பக்கத்தில், இறகுக்குக் கீழே, மஞ்சள் ஒட்டியிருந்தது. எல்லா அம்பிலும் ஒரே பக்கம். இறகும் அங்கே பிய்ந்திருந்தது. அந்தக் கேபிள் குச்சியை எடுத்துப் பார்த்தேன். நடுத்தண்டில், வில்லோடு ஒட்டி வைத்த இடத்தில், லேசாக ஒரு மஞ்சள் பொட்டு. வால் சுத்தமாக இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு உருப்படிகள் எங்கே உரசுகின்றன என்று பார்க்க, ஒன்றில் நீல மையைத் தடவிப் பொருத்திப் பிரிப்போம். மற்றதில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். நானும் ஆயிரம் முறை செய்திருப்பேன். மாரப்பன் பக்தியோடு பூசிய மஞ்சள் அந்த நீல மையின் வேலையைச் செய்திருந்தது. அம்பின் வால் வில்லின் கைப்பிடியில் இடிக்கிறது. அதனால்தான் இடது பக்கம் உதைத்துக்கொண்டு போகிறது.

எல்லா அம்புக்கும் வில் ஒன்றுதான். கேபிள் குச்சி மட்டும் ஏன் இடிக்கவில்லை?

ராயக்கோட்டை டவுன் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே கம்பியைச் சுற்றிக் கண்டக்டர் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் தோள் போகும், பிறகு இடுப்பை ஒடிப்பார், கடைசியில் கால் வரும். கம்பியில் சட்டைகூடப் படாது. அதே வழியில் கஞ்சி போட்ட சட்டையோடு விறைத்துக்கொண்டு செக்கிங் ஆபீசர் வந்தால் இடித்துக்கொள்வார்.

அம்பும் அப்படித்தான். நாண் வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்போ வில்லுக்கு இடது பக்கத்தில் கிடக்கிறது. நாண் தள்ளும்போது அம்பு இடுப்பை ஒடித்து, வில்லைச் சுற்றி நழுவி, அப்புறம் நிமிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவும் கண் இமைப்பதற்குள். விறைத்த அம்புக்கு அது வராது. என் அம்புகள் நேராக இருந்தன, சரி. அதற்கு மேல் அவை வளையவும் மறுத்தன.

என் மாமனாரின் தொடை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் பார்த்தது கோணலை அல்ல, இந்த வில்லின் வேகத்துக்கு எந்தக் குச்சி எவ்வளவு கொடுக்கும் என்பதை. அவரைச் சேட்டைக்காரர் என்று நினைத்ததற்காக அவர் படத்துக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டேன். காரணத்தைக் கமலாவிடம் சொல்லவில்லை.

கண்டுபிடித்த உற்சாகத்தில் கல்மூங்கிலை ஈர்க்குச்சியாகச் சீவித் தள்ளினேன். வளைய வேண்டுமா, வளையட்டும். மாரப்பன் எய்தான். அது பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு வலது பக்கம் போய், வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன், திருநெல்வேலிக்காரர், கையில் டிபன் கேரியரோடு வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்குச் சாம்பார்ல முருங்கக்கா இல்லையேன்னு நெனச்சேன். நீங்க அனுப்பி வச்சிட்டிய."

விறைத்தாலும் தப்பு, குழைந்தாலும் தப்பு. அளவு வேண்டும். அளவென்று வந்துவிட்டால் அது என் ராஜ்ஜியம்.

கேபிள் குச்சியை வி-பிளாக்குகளின் மேல் படுக்க வைத்தேன். நடுவில் ஓர் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். குச்சி எவ்வளவு தாழ்கிறது என்று டயல் கேஜில் பார்த்தேன். முள் நின்ற இடத்தில் கமலாவின் நகப் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மூங்கிலாக அதே இடத்தில், அதே கல்லோடு. முள் பொட்டுக்கு வராவிட்டால், உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி மறுபடி வைத்தேன். பொட்டைத் தாண்டிப் போனால் அவரைக்கொடிக்கு.

பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வளையாத காரணத்துக்காக ஓர் உருப்படியை நான் மறுபடி சுரண்டியதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருவன் கேட்டேவிட்டான்: "மொதலாளி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பித்தளை முனை

இந்த இடத்தில் நான் ஒன்று செய்தேன். யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்.

அம்பு பார்க்க வெறும் குச்சி. இத்தனை மூளை அதற்குள் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே பித்தளையில் ஒரு முனை கடைந்தேன். வேல் மாதிரி அழகான முனை. அதில் என் பெயரின் முதல் எழுத்துகளையும் பட்டறைப் பெயரையும் பொறித்தேன். வாழைமரத்தில் தைத்து நிற்கும்போது கிட்டப்போய்ப் பார்க்கிற பிரமுகர்கள் படிக்கட்டும் என்று.

மாரப்பன் எய்தான். வலது பக்கம்.

பொட்டுக்குச் சரியாக வந்த மூங்கில்தான். மறுபடியும் வலது. தலை கனத்தால் அது எளிதில் நகராது, பின்னாலிருந்து நாண் தள்ளும், நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு அளவுக்கு மேல் வளைந்துவிடும். இதுவும் நானாகவே கண்டுபிடித்தது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்வதற்குள் கமலா முந்திக்கொண்டாள். காபி கொண்டுவந்தவள், முனையைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"உங்க பேரோட கனம் அதுக்குத் தாங்கல. கழட்டுங்க."

முனையைக் கொஞ்சம் கடைந்து குறைத்தேன். பட்டறைப் பெயர் போனது. இன்னும் வலது. இன்னும் கடைந்தேன். முதல் எழுத்துகளும் சீவலாக விழுந்தன. கடைசியில் பித்தளையையே எடுத்துவிட்டு, மாமனார் வைத்த அளவுக்கே ஒரு சின்ன இரும்பு மொட்டு வைத்தேன். மாரப்பன் எய்தான்.

நடு மையத்தில் தைத்தது. வாலைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை.

அம்மனுக்கே வெள்ளிக் கண்

ஆயுத பூஜை அன்று பட்டறையில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்தோம். டயல் கேஜுக்கு இரண்டு பொட்டு. பக்கத்தில் இன்னும் எய்யாத மூன்று புது அம்பு. மறுநாள் ஊருக்குப் போனோம்.

கிட்டத்தட்ட சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் இருந்தது. அம்மன் தரிசனத்துக்குப் பாதிப் பேர், மாரப்பன் தவறுவதைப் பார்க்கப் பாதிப் பேர். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். உடனே திம்மராயன் கையைத் தூக்கினார்.

"நில்லுங்கப்பா. கண்ணாடி போட்டுக்கினு எய்யறது செல்லாது. நம்ம பெரியவங்க யாரு கண்ணாடி போட்டாங்க?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து மூன்று மொழியிலும் பேசியது. பூசாரி கையமர்த்தினார். "அம்மனுக்கே வெள்ளிக் கண்ணு வெச்சித்தான் கூட்டியாந்திருக்கோம். இவன் கண்ணாடி வெச்சா என்னா? எய்யுடா."

முதல் அம்பு, கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. ஆனால் மேலே. நாணை அவசரப்பட்டு விட்டுவிட்டான். வாழை இலை ஒன்றைக் கிழித்துக்கொண்டு அப்பால் விழுந்தது. திம்மராயன் பக்கம் ஒருவர் பூசாரியிடம், "செருப்ப மாட்டிக்கோங்க சாமி, நடக்கணும்" என்றார்.

கமலா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பிடித்த பிடி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மாரப்பனுக்கு வியர்த்துக் கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவியிருந்தது. அதைச் சரிசெய்ய அவனுக்குக் கை இல்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். நாணை விட்டான்.

சதக்.

தப்பட்டை முழங்கியது. எல்லோரும் வாழைமரத்தை நோக்கி ஓடினார்கள். நான் ஒருவன்தான் அதைத் தாண்டி ஓடினேன், தவறிப்போன முதல் அம்பு விழுந்த இடத்துக்கு. எடுத்து வாலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. துளி மஞ்சள் இல்லை. ராகித் தாளுக்கு நடுவில் அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என்னைத் தேடவில்லை.

திரும்பி வந்தபோது மாரப்பன் ஊரார் தோள் மேல் இருந்தான். அவன் பெண் வில்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியது. திம்மராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னார். அவர் அளவில் அது பாராட்டு.

யார் செய்தது

அன்றைக்கே பங்கீடு ஆரம்பித்துவிட்டது. அம்மன் செய்தாள் என்றது ஊர். அதை நான் மறுக்கவில்லை. தான் இருந்த விரதம் என்றார் பூசாரி. குச்சி கொண்டுவந்தது நான்தானே என்றாள் ராஜம்மா. அதுவும் சரி. கீழே இறங்கிய மாரப்பன் நேராக என்னிடம் வந்தான், கண் கலங்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க மட்டும் இல்லன்னா இது நடந்திருக்காது மாமா."

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன்.

"கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கினு போனீங்க பாருங்க. எல்லாம் அந்தக் கண்ணாடிதான்" என்றான்.

அடுத்த வருடத் திருவிழா நோட்டீஸ் வந்தது. ரோஸ் காகிதம். தப்பட்டைக் குழு, மைக்செட்காரர், வாழைமரம் கொடுத்தவர், பந்தலுக்குத் தென்னை ஓலை கொடுத்தவர், எல்லோருக்கும் நன்றி. நட்ட நடுவில் கட்டம் கட்டி, "அம்பு தைக்கக் கண்ணொளி உபயம்" என்று அந்தக் கண்ணாடிக் கடைப் பெயர். நான் 'மற்றும் பலர்' என்பதில் இருந்தேன். அதிலும் எந்த இடத்தில் என்று தெரியவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு வருடமும் அம்பு என் பட்டறையிலிருந்துதான் போகிறது. அதே கல், அதே நகப் பாலிஷ் பொட்டு. ஒரு வருடம்கூடப் பூசாரி நடக்கவில்லை. மாரப்பன் இன்றும் அந்த ஒரு நாளைக்கு மட்டும் பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறான். இன்றும் அதற்கு மேலாகத்தான் பார்க்கிறான்.

விழாக் கமிட்டியாருக்கு இந்தப் பத்திரிகை வழியாக ஒரு வார்த்தை. அம்மனுக்கு உரியதை அம்மனுக்குக் கொடுங்கள். மாமனார் படத்தையும் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராஜம்மா பெயரையும் போடுங்கள். ஆனால் அடுத்த நோட்டீஸில் "அம்பின் வளைவு உபயம்: ஷாஃப்ட் பட்டறை சிவலிங்கம், ஓசூர்" என்று ஒரு வரி வர வேண்டும். கண்ணாடிக் கடை எழுத்துக்குக் குறையாத எழுத்தில், கட்டம் கட்டி.

அம்பிலிருந்து என் பெயரை நானே என் கையால் சீவி எடுத்தேன், அது பறக்க வேண்டும் என்பதற்காக. நோட்டீஸ் பறக்க வேண்டியதில்லை. அது தாங்கும்.